தட்டின் அடிப்பக்கம்

எங்கள் தெருவில் சம்பளம் இல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வருகிற ஒரே ஆள் நான்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் போடுகிறார்கள், இல்லையென்றால் ஸ்பெயினுக்குப் போய் வெயிலில் படுத்துக்கிடக்கிறார்கள். நான் லாக்கப்புக்குப் போகிறேன். "லொரெய்னுக்கு மறை கழண்டுபோச்சு" என்று என் கூடப்பிறந்தவளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்லட்டும்.

வேலை இதுதான். போலீஸ் பிடித்துவந்த ஆள் சின்னப் பிள்ளையாக இருந்தாலும், மனசு சரியில்லாதவராக இருந்தாலும், நமக்கு ஒருமுறை சொன்னால் புரிவதை மூன்று முறை சொன்னால்தான் புரிந்துகொள்பவராக இருந்தாலும், துணைக்கு ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்று இங்கே சட்டம். சொந்தக்காரர் வந்தால் சரி. வர ஆள் இல்லாதவர்களுக்கு எங்களைப் போன்ற தொண்டர்கள். நான் வக்கீல் இல்லை, போலீஸும் இல்லை. கேட்பது அவருக்குப் புரிகிறதா, அவர் சொல்வது இவர்களுக்குப் புரிகிறதா, நடப்பது நியாயமாக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது. பஸ்ஸில் வம்பு பண்ணியவனை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் பேர் வாங்கியவள் நான். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குப் பயிற்சியே கொடுத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. "நீ செஞ்சியா?" என்று நான் கேட்கவே மாட்டேன். வக்கீலிடம் சொன்னது வக்கீலோடு போகும். என்னிடம் சொன்னதை நாளைக்குக் கோர்ட் என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அதனால் அந்த அக்டோபர் காலையில் நெவில் புளூரைப் பார்க்கப் போனபோதும், அவன் திருடனா இல்லையா என்று தெரியாமல்தான் போனேன்.

"வா கண்ணு" என்றார் சார்ஜென்ட் கீத். பீங்கானுக்குப் பேர்போன எங்கள் ஸ்டோக்கில் சார்ஜென்ட் முதல் சவக்குழி வெட்டுகிறவர் வரை எல்லோரும் எல்லோருக்கும் கண்ணுதான். மேஜை மேல் இருந்த டீயை என் பக்கம் தள்ளினார். நான் மக்கைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுக் குடித்தேன்.

"சைனால செஞ்சது. போன தடவையும் பாத்த. நான் மாத்தல" என்றார்.

"ஸ்டோக்ல பொறந்துட்டு சைனா மக்ல குடிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்டா சம்பளம் கூடுமா?" என்று சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். டோரீன் ஹல்ம் என்று ஒரு விதவை அம்மா. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பின்கதவை நெம்பி யாரோ நுழைந்திருக்கிறார்கள். அலமாரி மேலிருந்த கடிகாரத்தைக் காணோம், செத்துப்போன கணவரின் மெடல்களையும் காணோம். அந்த வாரம் நெவில் அந்த வீட்டு கேட்டில் நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். காலையில் அவனைப் பிடித்துவந்து கைரேகை எடுத்ததும், அலமாரியில் அடுக்கியிருந்த தட்டு ஒன்றின் அடியில் கிடைத்த ரேகையோடு ஒத்துப்போய்விட்டது. டோரீன் அம்மாவோ, அவன் தன் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு நாளும் வந்ததில்லை என்று அடித்துச் சொல்கிறார்.

வராத வீட்டில் ரேகை எப்படி வரும்?

நெவிலுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஷூவைக் கழற்றி வாங்கிக்கொண்டதால் சாக்ஸோடு, லாக்கப் அறையின் நீலப் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் போல எழுந்து நின்றான்.

"மிஸ், என் சாவி அவங்ககிட்ட இருக்கு."

"பத்திரமா இருக்கும். பைல போட்டு உன் பேர எழுதி வெச்சிருக்காங்க."

"அது என் வீட்டுச் சாவி மிஸ். என் வீடு. நான் மட்டும்தான் இருக்கேன்."

லாங்டனில் ஒரு அறையும் சமையல்கட்டும். வாழ்நாள் முழுக்க அம்மா வீடு, பிறகு விடுதி, பிறகு வேறொரு விடுதி என்று இருந்தவனுக்குப் போன வருடம்தான் தனியாக ஒன்று கிடைத்திருக்கிறது. திருட்டுக் கேஸ் விழுந்தால் அது போய்விடும், திரும்ப விடுதிதான் என்று அவனைக் கவனிக்கிற பெண் போனில் என்னிடம் சொல்லியிருந்தாள். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. சாவியைப் பற்றி மூன்றாவது முறையும் கேட்டான்.

போலீஸ் சொல்கிற எச்சரிக்கையை அவனுக்கு விளக்கினேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இப்போது சொல்லாததைப் பின்னால் கோர்ட்டில் சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள், சொல்வதை எல்லாம் பதிவு செய்வார்கள் என்று எளிதாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். "இப்ப நீ உன் வார்த்தைல சொல்லு பாப்போம்."

யோசித்தான். "பேசலாம். பேசாமலும் இருக்கலாம். ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லலன்னா மரியாத இல்ல. அம்மா சொல்லிருக்காங்க."

சட்டத்தை விட அம்மா பெரிசு. இதற்கு நான் என்ன செய்ய?

"நெவில், உனக்குப் பசிக்குதா?"

"ஆமா மிஸ்."

"இப்பதான சாப்ட?"

"ஆமா மிஸ்."

"குட்டிக்கோஸ் பிடிக்குமா உனக்கு? கிறிஸ்துமஸுக்கு வேகவெச்சு வைப்பாங்களே?"

முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி கோணிப்போனது. "ஆமா மிஸ்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. இத்தனை வருடமும் இவனிடம் பேசியவர்கள் எல்லோரும் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நல்லாதான இருக்க நெவில்? உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லதான? இந்த ரூமே போதும்தான? ஆமாம் என்கிற பதிலை முன்னாடியே கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விகள். ஆமாம் சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். இவனும் பிழைக்கத் தெரிந்தவன்தான், ஆமாம் சொல்லியே பிழைத்துவிட்டான்.

"இங்க பாரு. உள்ள அவங்க கேக்கும்போது உண்மை ஆமான்னா ஆமான்னு சொல்லு. உண்மை இல்லன்னா இல்லன்னு சொல்லு. இல்லன்னு சொன்னா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. கோச்சுக்கிட்டா நான் அவங்களைக் கோச்சுக்குவேன். புரிஞ்சுதா?"

"ஆமா மிஸ்" என்றான். தலையில் அடித்துக்கொண்டேன்.

வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருந்தான், திருடர்கள்தான் வக்கீல் வைப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அவன் வேண்டாம் என்றாலும் வக்கீலை வரவழைக்கத் துணையாளான எனக்கு உரிமை உண்டு. வரவழைத்தேன். வந்தவர் ஆதில் மஹ்மூத், இங்கேயே நார்மக்காட் பகுதியில் பிறந்து வளர்ந்த பையன், நல்ல கோட்டு, கெட்டிக்காரத்தனம். நெவிலோடு தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன ஆச்சு கண்ணு?"

"உள்ள பேசுனதச் சொல்ல முடியாது" என்றார். "எதக் கேட்டாலும் 'பதில் சொல்ல விரும்பல'ன்னு மட்டும் சொல்லுங்கன்னு சொல்லிருக்கேன், அது மட்டும் விசாரணைல எப்படியும் உங்க காதுல விழும்."

விழுந்தது. எப்படி விழுந்தது என்றால் இப்படி.

விசாரித்தவள் மோர்வென்னா என்ற இளம் துப்பறியும் போலீஸ்காரி. கார்ன்வால் பெண், கடற்கரையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. குரலை உயர்த்தாதவள். நான் யார், எதற்கு இருக்கிறேன் என்று ரெக்கார்டரில் முறையாகச் சொன்னாள். பிறகு மேஜை மேல் ஒரு போட்டோவை வைத்தாள். நீலப் பூ போட்ட தட்டு.

"நெவில், இந்தத் தட்டைத் தொட்டீங்களா?"

அவன் வக்கீலைப் பார்த்தான். "பதில் சொல்ல விரும்பல" என்றான். மரியாதை இல்லாமல் போய்விட்டதே என்று பயந்து உடனே சேர்த்துக்கொண்டான், "ஆமா மிஸ்."

ஆதில் கண்ணை மூடித் திறந்தார்.

"டோரீன் வீட்டு அலமாரில இருந்ததுதான இது?"

"பதில் சொல்ல விரும்பல. ஆமா மிஸ்."

"அப்ப நீங்க அந்த வீட்டுக்குள்ள போயிருக்கீங்க."

"ஆமா மிஸ்."

"கடிகாரத்த எடுத்தீங்களா?"

"ஆமா மிஸ். சாரி மிஸ்."

ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வீடு, சாவி எல்லாம் அந்த நாலு ஆமாவில் போய்விட்டது. செய்துதான் இருப்பானோ என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. தோன்றினாலும் என் வேலை மாறாது. குட்டிக்கோஸ் முகம் நினைவுக்கு வந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். "ரெக்கார்டர்ல பதிவாகட்டும். இவருக்குக் கேள்வி போய்ச் சேரல. ஆமாவா இல்லையான்னு கேட்டா இவர்கிட்ட ஆமா மட்டும்தான் வரும். எங்க, எப்படி, என்னன்னு கேளுங்க. அப்பதான் அவர் பதில் வரும். இப்ப வந்ததெல்லாம் உங்க பதில்."

கடைசி வாக்கியம் தேவையில்லைதான். என் வாய் அப்படி. மோர்வென்னாவின் காது சிவந்தது. ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள், கொஞ்ச நேரம் நெவிலையே பார்த்தாள், பிறகு அதே குரலில் கேட்டாள்.

"நெவில், நேத்து நாம ரெண்டு பேரும் கப்பல்ல போனோமில்ல?"

"ஆமா மிஸ்" என்றான் நெவில். "நல்லா இருந்துச்சு."

ஆதில் குனிந்து ஷூ நாடாவைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அவர் ஷூவில் நாடாவே இல்லை.

அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். தான் வலை போட்டுப் பிடித்த மீனைத் தானே எடுத்துத் தண்ணீரில் விடுவதற்கு ஒரு மனசு வேண்டும். "சரி. முதல்லேர்ந்து கேக்குறேன்" என்றாள். "இந்தத் தட்டை எப்படித் தொட்டீங்க?"

நெவில் வாயைத் திறந்தான், மூடினான். கைகள் மட்டும் மேஜை மேல் அசைந்தன.

"காட்டட்டுமா மிஸ்?"

"காட்டுங்க."

சுற்றுமுற்றும் பார்த்தான். ஆதில் முன்னால் ஒரு காகிதக் கப் இருந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து, பக்குவமாக, குழந்தையைப் புரட்டுவது போலக் கவிழ்த்து அடியைப் பார்த்தான். உள்ளே இருந்த தண்ணீர் முழுக்க ஆதிலின் நல்ல கோட்டில் போனது.

"ஒண்ணும் எழுதல மிஸ்" என்றான் நெவில் ஏமாற்றத்தோடு. "பேப்பர்."

அட மடச்சி லொரெய்ன். காலையில் கீத்தின் மக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தவள் நீதானே? கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில், ஸ்பெயினில் எந்தக் கேஃபேயில் உட்கார்ந்தாலும் சாப்பாட்டுக்கு முன் தட்டின் அடியைப் பார்க்காத ஸ்டோக்காரர் உண்டா? யார் செய்தது, நம்ம ஊர்தானா என்று பார்க்காமல் எங்களுக்குச் சோறு இறங்காது. மூச்சு விடுவது போலச் செய்வதால் செய்கிறோம் என்பதே ஞாபகம் இல்லை. தட்டின் அடியில் ரேகை என்று கீத் சொன்னபோது கீத்துக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

ஆனால் நான் வாய் திறக்க முடியாது. அவன் சொல்ல வேண்டியது அது. கையை மடியில் கோத்து இறுக்கிக்கொண்டேன்.

ஆதிலுக்கு அந்தத் தடை இல்லை. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். "மேடம், நீங்க வெளியூரு. எங்க அம்மா என் கல்யாணத்துல பிரியாணியோட தட்டத் தூக்கிப் பாத்தவங்க. பாதி சம்பந்தி மடில விழுந்துச்சு. இந்த ஊர்ல இது வியாதி. எதுக்குச் சொல்றேன்னா, தட்டுக்கு அடில ரேகை இருந்தா அது திருட வந்தவன் ரேகையாத்தான் இருக்கணும்னு இல்ல."

மோர்வென்னா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் நெவில் பக்கம் திரும்பினாள்.

"தட்ட எங்கெல்லாம் இப்படிப் பாப்பீங்க?"

"எல்லா எடத்துலயும். கேஃபேல. டாக்டர் வீட்ல கப்பு. சேப்பல்ல, ஜெபம் முடிஞ்சு."

"போட்டோல இருக்குற இந்தத் தட்ட எங்க பாத்தீங்க?"

"சேப்பல்ல மிஸ்." இப்போது வார்த்தைகள் தானாக வந்தன. "அறுவடை விருந்து. டோரீன் அவங்க தட்டெல்லாம் கொண்டாந்தாங்க. நான்தான் கழுவுவேன். எப்பவும் நான்தான். கழுவி, தொடச்சு, அடில பாத்து அடுக்குவேன். நீலத் தட்டு, அடில கிரீடம் இருக்கும். எல்லாத்துலயும் கிரீடம். ஒண்ணுல மட்டும் இல்ல. அது வேற கம்பெனி. டோரீன்கிட்ட சொன்னேன். கோச்சுக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"பெட்டிய தூக்கிட்டுப் போனேன். அவங்க வீட்டு கேட் வரைக்கும். அங்கேயே வெச்சுடுன்னாங்க. கோவமா இருந்தாங்க."

மோர்வென்னா விசாரணையை நிறுத்திவிட்டு வெளியே போனாள். ஆதில் கைக்குட்டையால் கோட்டைத் துடைத்தார். நெவில் அவரிடம் நான்கு முறை சாரி சொன்னான். நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

திரும்பி வந்தபோது அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ரெக்கார்டரைப் போட்டு, டோரீன் அம்மாவிடம் போனில் பேசியதைச் சொன்னாள். தட்டுகளை வெளியே எங்காவது கொண்டுபோனீர்களா என்று கேட்டிருக்கிறாள். "சேப்பலுக்குத்தான். ஏன், அந்தப் பய அங்கயும் வந்து சொல்லிட்டானா? ஒரு தட்டு ஒடஞ்சுபோச்சு, சந்தைல வேற வாங்கி நடுவுல சொருவி வெச்சிருந்தேன். இத்தன வருஷமா எந்தக் கண்ணுக்கும் படல. பாதிரியார் முன்னாடி சத்தமா சொல்லி என் மானத்த வாங்கிட்டான்" என்று அந்த அம்மா பொரிந்து தள்ளியிருக்கிறார். தட்டைப் பற்றி ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, "வீட்டுக்குள்ள வந்தானான்னுதான கேட்டீங்க" என்றாராம்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு நெவில்" என்றாள் மோர்வென்னா. "மொதல்ல கேட்டப்ப கடிகாரத்த எடுத்தேன்னு சொன்னீங்க. அது ரெக்கார்டர்ல இருக்கு. அதனால திரும்பக் கேட்டுத்தான் ஆகணும். அந்தக் கடிகாரத்த நீங்க எடுத்தீங்களா?"

ஆமா-இல்லை கேள்வி. நான் குறுக்கே பேச வாயைத் திறந்தேன். நெவில் என் பக்கம் கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டினான்.

"இருங்க மிஸ். என்னத்தான கேட்டாங்க."

வாயை மூடினேன். அவன் மோர்வென்னாவின் முகத்தைத் தேடினான், அவளுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று. அவள் முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டாள். ஆதிலைப் பார்த்தான். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கழுத்து வலிக்க வலிக்க. ஒரு கண்ணசைவு போதும். அது அவனிடமிருந்து அதைப் பறித்துவிடும்.

நெவில் பாரம் தூக்குகிறவன் போல மூச்சை இழுத்தான்.

"இல்ல" என்றான்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். யாரும் கோபப்படவில்லை. கூரை இடிந்து விழவில்லை.

"இல்ல" என்றான் மறுபடி, கொஞ்சம் சத்தமாக. "நான் எடுக்கல. உள்ளயே போகல. கடிகாரம் எனக்குப் பிடிக்காது, டிக் டிக்னு கேட்டா தூக்கம் வராது." பிறகு என் பக்கம் திரும்பி, "குட்டிக்கோஸும் பிடிக்காது மிஸ்" என்றான்.

அதுவும் பதிவாகியிருக்கிறது. பெருமை என்றால் எனக்கு அப்படி ஒரு பெருமை. என் மகள் பட்டம் வாங்கியபோதுகூட மேடைக்குக் கீழே இந்த அளவுக்கு நெஞ்சு விம்மி உட்கார்ந்திருக்கவில்லை, அவள் கேட்டால் கோபித்துக்கொள்வாள்.

மேல் நடவடிக்கை இல்லை என்று விட்டுவிட்டார்கள். கீத் மேஜையில் பையைப் பிரித்து ஷூ, தொப்பி, பஸ் பாஸ் எல்லாம் எடுத்து வைத்தார். நெவில் எதையும் தொடவில்லை, சாவி வரும்வரை நின்றான். வந்ததும் சட்டைப்பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டான்.

"கெளம்புறப்ப எல்லார்கிட்டயும் கேக்கணும் கண்ணு" என்றார் கீத். "இங்க நல்லாதான பாத்துக்கிட்டோம் உன்ன?"

"இல்ல" என்றான் நெவில். "டீ தண்ணியா இருந்துச்சு."

கீத் என்னை முறைத்தார். "எல்லாம் உன் வேலைதான?"

"நான் வாயே தெறக்கலப்பா" என்றேன்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப் சாலைக்கு அந்தப் பக்கம். "ஸ்டாப் வரைக்கும் கூட வரட்டுமா நெவில்?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். எனக்கு வழி தெரியும்."

துணைக்குப் போவதையே வேலையாக வைத்திருக்கிறவளிடம் இப்படிச் சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தான். சாலையைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பார்த்தான். நான் போகவில்லை, படியிலேயே நனைந்துகொண்டு நின்றேன். பஸ் வந்து கதவு திறந்தது. ஓட்டுநர் எனக்குத் தெரிந்த பையன்தான், அவன் குரல் எங்கேயும் கேட்கும்.

"டவுன் வரைக்கும்தான கண்ணு?"

"இல்ல" என்றான் நெவில், அதைவிடச் சத்தமாக. "லாங்டன். என் வீட்டுக்கு."